தாமிரப் பட்டணமும் நம்மவர் பொறுப்பும்

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா தேசத்திலுள்ள லுவான்ஷ்யா என்னும் தாமிரச் சுரங்கப் பட்டணத்தின் சரித்திரத்தை நம்மவர் அவசியம் அறியவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். காரணம் பின்னால் விளங்கும்.

1902-ல் காலியர் என்னும் வெள்ளையர் அங்கே ஒரு மானைச் சுட்டாரென்றும், அது விழுந்த பாறையில் தாமிரத்தின் பச்சை நிறம் தெரிந்ததென்றும் கதை சொல்வார்கள். சதுப்பு நிலத்தை வடித்து, மலேரியாவை அடக்கி, 1931-ல் சுரங்கம் தாமிரம் தரத் தொடங்கியது. லாபம் கடல் கடந்து போயிற்று. 1935-ல் வரியுயர்வை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, போலீஸார் சுட்டதில் ஆறு ஆப்பிரிக்கர் மாண்டனர்.

சுரங்கம் ஒன்று, அதைச் சூழ்ந்த வாழ்க்கையோ இரண்டு. வெள்ளையரின் ரக்பி மைதானத்துக் கம்பங்கள் ஒரு காலத்தில் உலகிலேயே உயர்ந்தவையென்று பெயர் பெற்றவை. உயரம் 33 மீட்டருக்கு மேல். ஆப்பிரிக்கர் குடியிருப்பிலோ, 1950-களில் ஞாயிறுதோறும் கலேலா என்னும் கூத்து நடக்கும். வாரமெல்லாம் உழைத்தவர்கள், மடிப்புக் கலையாத கால்சட்டையும் மெருகிட்ட பூட்ஸும் அணிந்து ஆடுவார்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட மனிதன் தன் மதிப்பைத் தானே காத்துக்கொண்ட விதம் அது! வேலை, வீடு, வைத்தியம், பந்தாட்டம் யாவும் சுரங்கத்தையே நம்பியிருந்தன.

1964-ல் ஜாம்பியா சுதந்திரமடைந்தது. 1970-ல் சர்க்கார் சுரங்கங்களில் நூற்றுக்கு 51 பங்கை ஏற்றது. ஆனால், சில வருஷங்களுக்குள் உலகச் சந்தையில் தாமிர விலை வீழ்ந்தது, கடன் ஏறிற்று. முடிவில் சுரங்கங்கள் விலைக்கு வந்தன. 1997-ல் லுவான்ஷ்யாவை வாங்கியவர் யார்? ஓர் இந்தியக் கம்பெனியார்! மூன்றே வருஷத்தில், 2000-ல், அது ரிசீவர் கைக்குப் போயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பிழந்தன. பின்னர் வேறொருவர் கைக்கு மாறிய சுரங்கம் 2008 டிசம்பரில் மூடப்பட்டது. 2009-ல் சீனக் கம்பெனி வாங்கிற்று.

தாமிர விலையை இந்தியக் கம்பெனி நிர்ணயிக்கவில்லை என்பது உண்மையே. அதற்காகத் தொழிலாளியின் அடுப்பு அணைவதா? அன்னிய மூலதனத்தின் கொடுமையை வாய்கிழியப் பேசிய நாம், நம்மவரே அன்னிய மூலதனமாகும்பொழுது மௌனம் சாதிப்பது தர்மமன்று. யஜமானனின் நிறம் மாறுவதால் மட்டும் நியாயம் பிறந்துவிடாது.

வெளிநாட்டில் தொழில் நடத்தப் புறப்படும் இந்தியக் கம்பெனி ஒவ்வொன்றும், அங்குள்ள தொழிலாளரின் கூலிக்கும் வைத்தியத்துக்கும் முன்கூட்டியே ஜாமீன்தொகை கட்டவேண்டுமென்று நம் சட்டசபை விதிக்கவேண்டும். நம் தொழிலாளருக்கு நாம் கேட்கும் நீதியை லுவான்ஷ்யா தொழிலாளிக்கும் வழங்குவதே சுதந்திர தேசத்துக்கு அழகு.