தேர்வுக்கு எந்த நோய் முக்கியம்?

பொங்கல் முடிந்ததும் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் பரீட்சைக் காய்ச்சல் தொடங்கிவிடுகிறது. அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஓய்வுதான். உயிரியல் புத்தகத்தைப் பிரித்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றே: "இத்தனை நோய்களில் எது முக்கியம்? எதை விட்டுவிடலாம்?"

இந்தக் கேள்விக்கு விடையாக 'முக்கிய வினாக்கள்' என்று ஒரு தாள் கைமாறிக்கொண்டே இருக்கும். "போன வருடம் மலேரியா வந்துவிட்டது, இந்த வருடம் வராது, டைபாய்டு நிச்சயம் வரும்" என்று அதில் ஜோசியம் சொல்லியிருக்கும். அதை நம்பிப் பாதிப் பாடத்தைக் கைவிட்ட மாணவர் தேர்வுக் கூடத்தில் விழிக்க நேர்ந்தால், அந்தத் தாளை எழுதியவர் வந்து மதிப்பெண் தரப் போவதில்லை.

உண்மையில் எது முக்கியம் என்பது ரகசியமே அல்ல. சி.பி.எஸ்.இ. வாரியம் அதைப் பாடத்திட்டத்தில் பெயர் சொல்லியே அச்சிட்டிருக்கிறது.

பட்டியலில் இருப்பவை

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 70 மதிப்பெண். 2024-25 பாடத்திட்டப்படி, 'உயிரியலும் மனித நலனும்' என்ற அலகுக்கு 12 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. மனித உடல்நலமும் நோய்களும் ஒரு பாடம். மனித நலனில் நுண்ணுயிர்கள் மற்றொரு பாடம். இரண்டும் சேர்ந்துதான் அந்த 12.

அண்ணன் படித்த பழைய கைடை வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அதில் இதே அலகில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் வழிகள் பற்றி இன்னொரு பாடமும் இருக்கும். என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் பாடச்சுமையைக் குறைத்தபோது அது நீக்கப்பட்டது. உடல்நலப் பாடமும் 8-ஆம் பாடமாக இருந்தது 7-ஆம் பாடமாக மாறியது. இல்லாத பாடத்துக்கு இரவு விழிப்பது வீண் வேலையல்லவா?

பாடத்திட்டம் பெயர் குறிப்பிடும் தொற்றுநோய்கள் பத்து: மலேரியா, டெங்கு, சிக்குன்குனியா, யானைக்கால், உருளைப்புழு நோய், டைபாய்டு, நிமோனியா, சாதாரண ஜலதோஷம், அமீபா சீதபேதி, படர்தாமரை. இவற்றைத் தவிர நோய் எதிர்ப்பாற்றல், தடுப்பூசி, புற்றுநோய், எய்ட்ஸ், போதைப் பழக்கம் ஆகியவை. 'நீட்' தேர்வுப் பாடத்திட்டத்திலும் இதே பத்து நோய்களின் பெயர்கள் உள்ளன.

நாளிதழில் அடிக்கடி அடிபடும் நோய் தேர்விலும் வரும் என்று எண்ணுவது தவறு. 2020-இல் உலகையே உலுக்கிய கோவிட்டின் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் 1957-இல் கண்டறியப்பட்ட 'குரங்குக் காய்ச்சல்' இங்கே பலரும் அறிந்தது. உண்ணி கடிப்பதால் பரவுவது. மலைநாட்டு மக்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் அதுவும் பட்டியலில் இல்லை. அறிந்துகொள்வது நல்லது, மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பத்து நோய், நான்கு வழி

பத்து நோய்களைப் பத்துத் தனிக் கட்டுரைகளாகப் படிப்பவர்கள் ஒன்றின் விவரத்தை மற்றொன்றில் எழுதிவிடுவார்கள். பரவும் வழியை வைத்துப் பிரித்துவிட்டால் சுமை பாதியாகிவிடும்.

கொசுவால் வருபவை நான்கு. மலேரியாவுக்குப் பெண் அனாபிலிஸ் கொசு. டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் ஏடிஸ் கொசு. யானைக்கால் நோயின் புழுவைப் பரப்புவதும் பெண் கொசுதான். உணவு, தண்ணீர் வழியாக வருபவை மூன்று: டைபாய்டு, அமீபா சீதபேதி, உருளைப்புழு. இருமல், தும்மல் வழியாக வருபவை இரண்டு: நிமோனியா, ஜலதோஷம். துண்டு, துணி, சீப்பு ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்வதால் தொற்றுவது ஒன்று: படர்தாமரை.

இனி ஒவ்வொரு நோய்க்கும் நான்கு விவரம் போதும். கிருமி எது, உடலில் எங்கே தங்குகிறது, அறிகுறி என்ன, எப்படித் தடுப்பது அல்லது கண்டறிவது? டைபாய்டு என்றால் சால்மொனெல்லா டைஃபி, சிறுகுடல், விடாத காய்ச்சல், வயிற்று வலி, விடால் பரிசோதனை. நோய்க்கிருமியைச் சுமந்தபடி சமையல் வேலை பார்த்து, தன்னை அறியாமலே பலருக்கு டைபாய்டைத் தந்த மேரி மேலன் என்ற பெண்ணின் கதையும் பாடத்தில் உண்டு. அறிகுறியே இல்லாதவரும் நோயைப் பரப்பலாம் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. வெறும் கதை என்று தாண்டிவிடக் கூடாது.

பாட்டி சொல்லும் பெயர்

தேர்வை ஆங்கிலத்தில் எழுதும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு துணை இருக்கிறது. மலேரியாவை நம் பெரியவர்கள் 'முறைக்காய்ச்சல்' என்பார்கள். முறை வைத்து வருவதால் அந்தப் பெயர். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை குளிரும் கடுங்காய்ச்சலும் வரும் என்று பாடநூலும் சொல்கிறது.

ஏன் முறை வைத்து வருகிறது? கொசு கடித்ததும் பிளாஸ்மோடியம் கிருமி முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது; அங்கே பெருகி, ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. சிவப்பணுக்கள் வெடிக்கும்போது ஹீமோஜாயின் என்ற நச்சுப்பொருள் வெளியாகிறது. அது வெளியாகும்போதெல்லாம் குளிர் உலுக்குகிறது. முறைக்காய்ச்சல் என்ற சொல்லை நினைவில் வைத்திருக்கும் மாணவருக்கு மூன்று மதிப்பெண் வினாவின் விடை பாதி வந்துவிட்டது எனலாம்.

மலேரியா ஆராய்ச்சிக்காக 1902-இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ், 1883-இல் பெங்களூரில்தான் ராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். தேங்கிய நீரை அகற்றினால் கொசு குறைவதை அவர் கவனித்தது இங்கேதான். அந்த ஊரில் இருந்துகொண்டு இந்தப் பாடத்தை விட்டுவிடலாமா?

விடவே கூடாத பகுதி

பெரும்பாலோர் கடைசிக்குத் தள்ளிவைப்பது நோய் எதிர்ப்பாற்றல் பகுதியை. ஆனால் பாடத்தின் சாவியே அதுதான். பி செல், டி செல் இவற்றின் வேலை தெரியாதவருக்கு எய்ட்ஸ் புரியாது. ஏனெனில் எச்.ஐ.வி. தாக்கி அழிப்பது உதவி டி செல்களைத்தான். தடுப்பூசி ஏன் வேலை செய்கிறது, ஒவ்வாமை ஏன் வருகிறது, பிறர் சிறுநீரகத்தை உடல் ஏன் ஏற்க மறுக்கிறது என்ற வினாக்களுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இதை ஒதுக்கியவர் ஒரு வினாவை அல்ல, நாலைந்து வினாக்களை இழக்க நேரலாம்.

படங்களில் மூன்றை வரைந்து பழக வேண்டும்: மலேரியாக் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சி, எதிர்ப்பொருளின் அமைப்பு, ரெட்ரோவைரஸ் பெருகும் விதம்.

மேலும், 2024-25 முதல் பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாள்களில் பாதி அளவு, படித்ததைப் பயன்படுத்திப் பார்க்கும் வினாக்களுக்கு ஒதுக்கப்பட்டது. "ஒரு விடுதியில் பலருக்குக் காய்ச்சல், அனைவரும் குடித்தது ஒரே தொட்டித் தண்ணீர்" என்று தொடங்கி, நோய் எது, எந்தப் பரிசோதனை செய்யலாம் என்று கேட்கலாம். வரிகளை ஒப்பிப்பவர் இங்கே திணறுவார். பரவும் வழியை அறிந்தவர் எழுதிவிடுவார்.

தாண்டிவிடும் பக்கங்கள்

"இது தெரிந்ததுதானே" என்று பிள்ளைகளும், "இதெல்லாம் எதற்கு" என்று பெற்றோரும் புரட்டிவிடும் பக்கங்கள் போதைப் பழக்கம் பற்றியவை. அபின் செடியிலிருந்து வருவது எது, கஞ்சாச் செடியிலிருந்து வருவது எது, கோகோ செடியிலிருந்து வருவது எது என்பது நேரடி வினா. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் அங்கே இருக்கிறது. காரணமின்றி வகுப்புக்கு வராமை, படிப்பில் திடீர்ச் சரிவு, உடல் சுத்தத்தில் அக்கறையின்மை, நண்பர்களை விட்டு ஒதுங்குதல், எரிச்சல் ஆகியவற்றை எச்சரிக்கை அறிகுறிகளாகப் பாடநூல் வரிசைப்படுத்துகிறது. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழனிடம் இவை தென்பட்டால், அதை முதலில் காணக்கூடியவர் அந்த மாணவர்தான். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ உதவி தேடும்படியும் அதே பாடம் சொல்கிறது.

தேர்வுக்கு முந்திய வாரம் புதிய கைடு எதுவும் வேண்டாம். பாடத்திட்டத் தாள் ஒன்று, பாடநூல் ஒன்று, பத்து நோய்களுக்கும் நான்கு கட்டங்கள் போட்ட ஒரு பக்க அட்டவணை. இவை போதும். அட்டவணையில் எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ, அந்த மாணவருக்கு முக்கியமான கேள்வி அதுதான்.