எந்தத் திடலில் ஆடலாம்? கோல்ஃப் பழக விரும்பும் மாணவர்களுக்கு

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில், வேலிக்கு அப்பால் பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கும் கோல்ஃப் திடல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "அது டத்தோக்கள் ஆடும் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்று நம் மாணவர்களில் பலர் பார்வையைத் திருப்பிக் கொள்கிறார்கள்.

அந்த எண்ணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். 2017-இல் ஆசிய கோல்ஃப் தொடரின் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் மலேசியர் கேவின் கிரீன். அவர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக அணியில் ஆடியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நாட்டைப் பிரதிநிதித்த ஆஷ்லி லாவ், மிச்சிகன் பல்கலைக்கழக அணியிலிருந்து வந்தவர். படிவம் ஐந்துக்குப் பிறகு உயர்கல்விக்கு வழி தேடும் மாணவருக்கு, இந்த விளையாட்டு ஒரு கதவைத் திறக்கக்கூடும்.

ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, பெயர் பெற்ற திடலைத் தேடிப் போவது. தொலைக்காட்சியில் பார்த்த இடத்தில் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு, சேமித்த பணத்தையெல்லாம் கட்டி, பத்துப் பந்துகளைக் குளத்தில் விட்டுவிட்டு, "இது நமக்கு வராது" என்று வீட்டுக்குத் திரும்புவார்கள். குறை அவர்களிடம் இல்லை. தங்களுக்குப் பொருந்தாத திடலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். திடலைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு செய்திகளைப் பாருங்கள்: வானிலை, நிலம், தூரம், செலவு.

வெயிலும் இடியும்

குளிர் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு நம் வெயில் ஒரு வரம். பனிக்காலம் என்று ஒன்று இல்லாததால், இங்கே ஆண்டு முழுவதும் ஆடலாம். நமக்கோ அந்த வெயிலே முதல் எதிரி. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. பகல் வெப்பம் பெரும்பாலும் 32, 33 செல்சியஸைத் தொடும். 18 குழிகளையும் ஆடி முடிக்க நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். காலை 7.30-க்குத் தொடங்கினால் நண்பகலுக்குள் முடித்துவிடலாம். காலை 10 மணிக்குத் தொடங்குபவர் உச்சி வெயிலையும் வாங்கிக்கொண்டு, பிற்பகல் மழையிலும் மாட்டிக்கொள்வார்.

மழையைவிட மின்னல்தான் ஆபத்து. சுபாங் வட்டாரத்தில் ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இடி கேட்கும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். அதனால் ஒரு திடலுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது, "மின்னல் எச்சரிக்கைச் சங்கு இருக்கிறதா? நடுவழியில் ஒதுங்கக் கூடாரம் உண்டா?" என்று கேளுங்கள். சங்கு நீளமாக ஒருமுறை ஒலித்தால், அடிக்க ஓங்கிய மட்டையையும் அப்படியே கீழே இறக்கிவிட்டு ஒதுங்க வேண்டும். மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வருவது நல்லது.

வெயிலே வேண்டாம் என்பவர்களுக்கு ஷா ஆலமில் ஒரு வழி உண்டு. அங்குள்ள சுல்தான் அப்துல் அசிஸ் ஷா கோல்ஃப் சங்கத்தின் திடல் இரவு விளக்கொளி ஆட்டத்துக்குப் பெயர் பெற்றது.

நிலம் முன்பு என்னவாக இருந்தது?

நம் வட்டாரத் திடல்கள் பலவும் வேறொன்றாக இருந்த நிலங்கள். அந்தப் பழைய கதை தெரிந்தால், அங்கே பந்து எப்படிப் போகும் என்பதையும் ஓரளவு கணிக்கலாம்.

செரி கெம்பாங்கானில் உள்ள மைன்ஸ் திடல், பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்தது. தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து பெரிய ஏரியாகிவிட்டது. 1999-இல் கோல்ஃப் உலகக் கிண்ணப் போட்டி இங்குதான் நடந்தது. டைகர் வூட்ஸ், மார்க் ஓமேரா ஜோடி அமெரிக்காவுக்குக் கிண்ணத்தை வென்று கொடுத்தது. 2017 சீ விளையாட்டுப் போட்டியின் கோல்ஃப் ஆட்டங்களும் இங்கேதான் நடந்தன. சுரங்க நிலம் என்றாலே தண்ணீர் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். பந்தை நேராக அடிக்கப் பழகாதவருக்கு இது ஏற்ற இடம் இல்லை.

சுபாங் விமான நிலையத்தை ஒட்டியுள்ள சௌஜானா, செம்பனைத் தோட்டமாக இருந்த இடம். அங்கே இரண்டு 18 குழித் திடல்கள் உள்ளன. ஒன்றுக்கு நாகம், மற்றொன்றுக்கு முதலை என்று ஆட்டக்காரர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், அவற்றின் குணத்தை நீங்களே ஊகிக்கலாம். மேடு பள்ளங்களும், இருபுறமும் மரங்களும், கடினமான கிரீன்களும் கொண்ட இடம் அது.

புக்கிட் கியாராவில் இருக்கும் கோலாலம்பூர் கோல்ஃப் சங்கம் சில ஆண்டுகள் டி.பி.சி. கோலாலம்பூர் என்று அழைக்கப்பட்டது. ஜஸ்டின் தாமஸ் தமது முதல் பி.ஜி.ஏ. தொடர் வெற்றியை 2015-இல் இங்கே பெற்றார், மறு ஆண்டும் வென்றார். குன்றுகள் சூழ்ந்த அந்தப் பகுதி முன்பு ரப்பர் தோட்டம். 1980-களில் தோட்டம் கைமாறியபோது, அங்கே பால் மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் தற்காலிக நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீட்டுக்கான அவர்களின் காத்திருப்பு 40 ஆண்டுகளைத் தாண்டியது. அந்தப் பக்கம் ஆடப் போகும் நம் பிள்ளைகள் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

புல்லையும் கவனியுங்கள். பந்தைக் குழிக்குள் உருட்டும் கிரீன் பகுதியில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல் வளர்க்கப்படுகிறது. பெர்முடா புல் வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லின் இனம்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். சாய்ந்த திசையில் உருட்டினால் பந்து வேகமாக ஓடும், எதிர்த்து உருட்டினால் முன்பே நின்றுவிடும். பழைய திடல்கள் சிலவற்றில் நடுப்பகுதியில் அகன்ற இலை கொண்ட மாட்டுப்புல் இருக்கும். மழை பெய்த மறுநாள் அங்கே பந்து அதிகம் உருளாது. அதனால் அன்று திடல் வழக்கத்தைவிட நீளமாகத் தோன்றும்.

உங்கள் தூரம் எவ்வளவு?

டீ எனப்படும் தொடக்க மேடை, ஒவ்வொரு குழிக்கும் மூன்று நான்கு இடங்களில் வெவ்வேறு நிறங்களில் குறிக்கப்பட்டிருக்கும். பின்மேடையிலிருந்து ஆடினால் ஒரு முழுத் திடல் 6,000 மீட்டரைத் தாண்டும். முன்மேடையிலிருந்து 5,000 மீட்டர் அளவில் முடிந்துவிடும். எதில் நிற்பது என்று தெரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று உண்டு. 5-ஆம் எண் இரும்பு மட்டையால் நீங்கள் சராசரியாக அடிக்கும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 140 மீட்டர் அடிப்பவருக்கு 5,040 மீட்டர் வரும். அந்த நீளத்தை ஒட்டிய மேடையைத் தேர்ந்தெடுங்கள். முன்மேடையில் நின்றால் மதிப்புக் குறையும் என்று நினைத்துப் பின்னால் போகிறவர்கள், தங்கள் நேரத்தையும் பின்னால் வருபவர்களின் நேரத்தையும் வீணாக்குகிறார்கள்.

மதிப்பெண் அட்டையில் 'ஸ்லோப்' என்று ஓர் எண் இருக்கும். 55 முதல் 155 வரை போகும் இந்த எண்ணில் 113 என்பது நடுத்தரம். எண் கூடக் கூட, புதியவருக்கு அந்தத் திடல் கூடுதலாகச் சிரமம் தரும். 130-ஐத் தாண்டிய திடலை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

செலவைக் குறைக்கும் வழி

முதல் மூன்று மாதம் திடல் பக்கமே போக வேண்டாம். அடிபயிற்சிக் கூடத்தில் ஒரு வாளிப் பந்து வாங்கி, இரண்டு பேர் பங்கு போட்டு அடிக்கலாம். விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், பழைய மட்டைகள் ஏழு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். பிறகு 9 குழிகள் மட்டும் ஆடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

வார நாள் கட்டணம் வார இறுதியைவிடக் குறைவு. பள்ளி விடுமுறையில் வார நாள் காலை உங்களுக்குக் கிடைக்கும், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குக் கிடைக்காது. முன்பதிவு செய்யும்போது, திடல் கட்டணத்தோடு வண்டி, கேடி, காப்புறுதி ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். மாணவர் கட்டணம் உண்டா, நடந்தே ஆடலாமா என்றும் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கிரீன்களில் அண்மையில் துளையிட்டு மணல் போட்டிருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அந்தப் பராமரிப்பு முடிந்த ஓரிரு வாரங்களுக்குப் பந்து தத்தித் தத்தி ஓடும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருபவருக்கும் கிள்ளானிலிருந்து வருபவருக்கும் போக்குவரத்து ஒரு சுமை. பல திடல்கள் ரயில் நிலையத்திலிருந்து தள்ளியே இருக்கின்றன. நால்வர் சேர்ந்து ஆடும் விளையாட்டு இது என்பதால், நான்கு நண்பர்கள் ஒரே காரில் போய்ச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். காலர் வைத்த சட்டை அணிந்து செல்லுங்கள், வட்டக்கழுத்து டி-சட்டையைப் பல சங்கங்கள் அனுமதிப்பதில்லை.

நமக்கும் இடம் உண்டு

கோலாலம்பூரில் 1893-இல் தொடங்கப்பட்ட அரச சிலாங்கூர் கோல்ஃப் சங்கம் ஆங்கிலேயர் காலத்துக்குரியது. அக்காலத்துத் திடல்களில் நம்மவர்கள் புல் வெட்டினார்கள், பை தூக்கினார்கள். பின்னாளில் எம். ராமையாவும் பி. குணசேகரனும் தொழில்முறை ஆட்டக்காரர்களாக உயர்ந்து, உலகக் கிண்ணப் போட்டியில் மலேசியாவைப் பிரதிநிதித்தார்கள். இந்தியாவிலும் இதே கதையைக் காணலாம். கல்கத்தாவின் திடல் ஒன்றில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2016-லும் 2017-லும் இந்தியப் பொதுப் போட்டியை வென்றார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா, 2009-இல் அதே கிண்ணத்தை வென்றார். இவர்கள் யாரும் சங்க உறுப்பினரின் பிள்ளையாக ஆடத் தொடங்கியவர்கள் இல்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். புறப்படும் முன் உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அந்தத் திடலின் பெயரைச் சொல்லி, "அங்கே முன்பு என்ன இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும் என்று அவர்கள் சொல்லக்கூடும். அந்த மண்ணில் நடந்து வேலை செய்தவர்கள் ஆயிற்றே.