கசகசா அளவு எதிரி

அமெரிக்காவில் கனெக்டிகட் ராஜ்யத்தில் லைம் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் மரக்கூட்டம், மான்கள் தோட்டத்துக்கே வந்து மேயும். 1975-ஆம் வருஷம் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார்கள். மூட்டு வாதம் என்றார்கள் டாக்டர்கள். பாலி மர்ரே என்ற மாதுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவர் குடும்பத்திலேயே பலருக்கு வியாதி. "எல்லாம் மனப்பிரமை" என்று சொன்ன டாக்டர்களும் உண்டு! அந்த அம்மாள் சளைக்கவில்லை. யாருக்கு, எப்போது, என்ன உபத்திரவம் என்று குறித்து வைத்துக்கொண்டு சுகாதார இலாகாவிடம் முறையிட்டார். விசாரித்ததில், அடுத்தடுத்த மூன்று ஊர்களில் 51 பேருக்கு அதே வியாதி. அவர்களில் 39 பேர் குழந்தைகள்! ஊரின் பெயரே வியாதிக்கும் வந்தது. அதன் கிருமி மான் உண்ணியின் வயிற்றில் இருப்பதை 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி வெளியிட்டார்.

இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். எலியின் ரத்தத்திலிருந்து கிருமியைப் பெற்று, புல் நுனியில் காத்திருந்து, உலாவப் போன நாயின்மேல் தொற்றிக்கொள்ளும். நாய் நமக்கு நேராக வியாதியைத் தராது. ஆனால் உண்ணியை வீட்டுக்குள் சுமந்து வந்துவிடும்.

ஓர் ஆறுதல் உண்டு. உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் இந்தக் கிருமி உடம்பில் ஏறும். ஆகவே தினமும் மாலையில் நாயின் காது, கழுத்து, கால்விரல் இடுக்கு, வாலடி எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். குழந்தைகளின் காதுப் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பையும் விடாதீர்கள். உண்ணி தென்பட்டால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெயும் நெருப்புக் குச்சியும் வேண்டாம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாய்க்குத் தடுப்பூசி உண்டு. உண்ணியை ஒழிக்கும் மருந்தும் உண்டு. மிருக வைத்தியரைக் கேட்டே கொடுங்கள். நாய் மருந்துகளில் சில, பூனைக்கு விஷம்! நாய் நொண்டினாலோ, தீனியை வெறுத்தாலோ தாமதிக்காதீர்கள். மனிதருக்கோ, கடித்த 3 முதல் 30 நாளுக்குள் சிவந்த தடிப்பு வட்டமாகப் பரவலாம். அரிப்போ வலியோ இல்லாததால் பலர் அலட்சியம் செய்துவிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே சிகிச்சை செய்தால் பெரும்பாலோர் பூரணமாகக் குணமடைகிறார்கள்.

நம் ஊர் நாய்களைப் பற்றும் உண்ணி வேறு ஜாதி. ஆனால் அமெரிக்காவின் வடகிழக்கில் குடித்தனம் நடத்தும் மகளுக்கு அடுத்த முறை பேசும்போது, அங்கே நாய் வளர்க்கிறாளா என்று கேட்டு, இதையும் சொல்லிவையுங்கள்.