சாவி வரவில்லை, ஜமீல் வந்தார்: 'அடுத்த கோச் யார்?' யூகங்கள் எப்படிப் பிறக்கின்றன?

செஞ்சியை அடுத்த தளவானூர், பல்லவர் காலக் குடைவரைக் கோயிலுக்குப் பேர்போன ஊர். இப்படியோர் ஊரிலும் சனிக்கிழமை ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டு, போனில் ஐரோப்பிய மேட்ச் பார்க்கிற பையன் ஒருவன் இருப்பான். அவனுடைய டீம் வரிசையாக ரெண்டு மேட்ச் தோற்றால் போதும், வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வி வந்து விழும்: "அடுத்த கோச் யாரு மச்சி?"

2025 ஜூலை 25 அன்று இந்தக் கேள்விக்கு யாருமே எதிர்பார்க்காத ஒரு பதில் வந்தது. இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு, பார்சிலோனா ஜாம்பவான் சாவி ஹெர்னாண்டஸ் விண்ணப்பித்திருக்கிறார் என்றது செய்தி. 'அவருக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது' என்பதால் பெயர் கைவிடப்பட்டது என்றும் சொன்னது. உலகம் முழுக்கப் பரவிய அந்தச் செய்தியின் சாயம் மறுநாளே வெளுத்தது.

அப்படி என்னதான் நடந்தது?

ஜூலை தொடக்கத்தில் இந்தியப் பயிற்சியாளராக இருந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸ் விலகினார். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் விண்ணப்பங்களைக் கேட்டது. 170 வந்தன. அவற்றில் சாவி, பெப் குவார்டியோலா பெயர்களிலும் மின்னஞ்சல்கள் இருந்தன. அவை உண்மையானவை அல்ல என்று ஜூலை 26-ல் சம்மேளனமே அறிவித்தது.

சாவி பெயரில் மெயில் தட்டிவிட்டது, வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர் என்றும், சாட்ஜிபிடி உதவியோடு அதை எழுதினார் என்றும் பின்னர் பத்திரிகைகளில் செய்தி வந்தது. செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி வழியாகப் போனால் வேலூர். உலகமே பேசிய செய்தி புறப்பட்ட இடம் அவ்வளவு பக்கம்!

ரசிகர்கள் ஏன் நம்பினார்கள்?

முன்னுதாரணம் இருந்ததுதான் காரணம். 2006 உலகக்கோப்பையை வென்ற இத்தாலி அணியின் மார்கோ மட்டராஸி, 2014-ல் சென்னையின் எஃப்சி-க்குப் பயிற்சியாளராக வந்தவர். 2015-ல் அவர் தலைமையில் சென்னை முதல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. கோவா அணிக்கு பிரேசிலின் ஜிகோ வந்தார், டெல்லிக்கு ராபர்டோ கார்லோஸ் வந்தார். அவர்களெல்லாம் வந்த ஊருக்கு சாவி வரமாட்டாரா என்று ரசிகர் நினைத்ததில் தப்பு இல்லை. ஆனால் மெயில் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு போன் போட்டு விசாரிப்பது, அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்களின் வேலை.

யூகம் எங்கிருந்து கிளம்புகிறது?

முதல் காரணம், கிளப்களின் மௌனம். இருக்கும் பயிற்சியாளரை வைத்துக்கொண்டே புதியவரோடு பேசுவது கால்பந்தில் சகஜம். அதை எந்த கிளப்பும் வெளியே சொல்லாது. அந்த வெற்றிடத்தை யாராவது நிரப்பத்தான் செய்வார்கள்.

இரண்டாவது, ஏஜென்ட்கள். 'பெரிய கிளப் ஒன்று கேட்கிறது' என்று செய்தி கசிந்தால், இப்போது இருக்கும் கிளப்பிலேயே சம்பளத்தை உயர்த்திக் கேட்கலாம். எனவே ஒரு பெயர் அடிபடுகிறது என்றால், அது அடிபடுவதால் யாருக்கு லாபம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பிரிட்டனின் பந்தய நிறுவனங்கள். 'அடுத்த மேனேஜர் யார்' என்பதற்கே அங்கே பணம் கட்டுவார்கள். பலரும் ஒரு பெயரில் பணம் போட்டால் அந்தப் பெயர் பட்டியலில் மேலே ஏறும். 'முன்னணியில் இருப்பவர்' என்று அதுவே செய்தியாகிவிடும். கிளப் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க வேண்டியதில்லை.

லிவர்பூல் கணக்கு எப்படித் தப்பியது?

சீசன் முடிவில் விலகப்போவதாக யர்கன் க்ளாப் 2024 ஜனவரி 26-ல் அறிவித்தார். உடனே எல்லோரும் சொன்ன பெயர் ஷாபி அலோன்சோ. லிவர்பூலில் ஆடியவர், ஜெர்மனியில் லெவர்குசன் அணியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர். கதை கச்சிதமாக இருந்தது. ஆனால் மார்ச் கடைசியில் "நான் இங்கேயேதான் இருக்கப்போகிறேன்" என்றுவிட்டார் அலோன்சோ. அடுத்து அடிபட்ட ரூபன் அமோரிம், அதே ஆண்டு நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். லிவர்பூலுக்கு வந்தவர் நெதர்லாந்தின் ஆர்னே ஸ்லாட். தொடக்க யூகங்களில் பெரிதாகப் பேசப்படாத பெயர். முதல் சீசனிலேயே பிரீமியர் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

ரசிகர் தேடுவது கதைக்குப் பொருந்தும் ஆளை. கிளப் தேடுவது தன் ஆட்ட முறைக்கும் பட்ஜெட்டுக்கும் பொருந்தும் ஆளை. யூகம் தப்புவது இந்த இடத்தில்தான்.

சென்னை சொல்லும் பாடம் என்ன?

2019 நவம்பர் இறுதியில் ஜான் கிரிகோரி விலகியபோது சென்னையின் எஃப்சி தடுமாறிக்கொண்டிருந்தது. கோப்பை வாங்கிக் கொடுத்தவரே போய்விட்டார், இனி அவ்வளவுதான் என்று தோன்றிய நேரம். டிசம்பரில் வந்தார் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல். அதே வீரர்களை வைத்துக்கொண்டே 2020 மார்ச்சில் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். அங்கே ஏடிகே அணியிடம் 1-3 என்று தோல்வி. ஒரே சீசனில் கிளப்பை விட்டுப் போனவர், 2023-ல் திரும்பி வந்தார். இரண்டாம் முறை அந்த மாயம் நடக்கவில்லை. 2025-ல் அந்த இடத்துக்கு வந்தவர் கோவாக்காரரான கிளிஃபோர்ட் மிராண்டா. ஒரே ஆள், ஒரே கிளப், ஆனால் முடிவு வேறு. பெயர் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

கடைசியில் இந்தியாவுக்கு யார் வந்தார்?

சம்மேளனத்தின் இறுதிப் பட்டியலில் மூன்று பேர். இந்தியாவுக்கு ஏற்கெனவே பயிற்சியளித்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் டார்கோவிச், உள்ளூர் ஆள் காலித் ஜமீல். 2025 ஆகஸ்ட் 1-ல் ஜமீல் தேர்வானார். சிறிய பட்ஜெட்டில் ஐஸ்வால் எஃப்சி-யை 2017-ல் ஐ-லீக் சாம்பியனாக்கியவர் அவர். தொடக்கம் நன்றாகவே இருந்தது. செப்டம்பரில் மத்திய ஆசியப் போட்டியில் ஓமனை பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தி மூன்றாம் இடம். ஆனால் அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதோடு, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போய்விட்டது.

இதற்குக் கோச்சை மட்டும் குறை சொல்ல முடியுமா? சாவி பேச்சு ஓடிய அதே ஜூலையில்தான், ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல் அடுத்த சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. எப்போது லீக் தொடங்கும் என்று தெரியாமல் வீரர்கள் காத்திருந்தார்கள். ஆனால், குரூப்களில் அந்தச் செய்தியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டது சாவியின் பெயர்.

அடுத்த முறை செய்தி வந்தால் என்ன பார்க்கலாம்?

யூகிப்பதை நிறுத்தச் சொல்லி எந்த ரசிகரையும் கேட்க முடியாது. டிக்கெட் வாங்கும், ஜெர்சி வாங்கும், தூக்கம் தொலைக்கும் ரசிகரிடம் எந்த கிளப்பும் ஓட்டு கேட்பதில்லை. அரட்டைதான் அவருடைய பங்கு. ஃபார்வர்டு பட்டனை அழுத்தும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிட்டால் போதும்.

செய்தியைச் சொன்னது கிளப்பா, பெயர் தெரியாத 'வட்டாரமா'? இந்தப் பெயர் வெளியே வந்ததால் யாருக்கு லாபம்? தேர்வு செய்வது யார், கையில் எவ்வளவு பணம்? வருகிறவருக்கு எத்தனை மாதம் அவகாசம்?

முதல் இரண்டுக்கும் போனிலேயே பதில் தேடலாம். பின்னிரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் கிளப்பிலும் சம்மேளனத்திலும் இருக்கிறார்கள். "அடுத்த கோச் யாரு மச்சி?" என்று கேட்கிற குரூப்பில், அந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம்.