தாலிக்குத் தந்த பணமும் படிப்புக்குத் தரும் பணமும்

கோவை சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் தேனி, மதுரை, திருநெல்வேலி வண்டிகள் வந்து நிற்கும். பொதுத்தேர்வு முடிந்த கையோடு, அந்த வண்டிகளிலிருந்து பையும் பெட்டியுமாகப் பெண்பிள்ளைகள் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. கூட்டி வந்தவர் மில் புரோக்கர். போய்ச் சேர்ந்த இடம் நூற்பாலை விடுதி.

சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் 30,000, 50,000 என்று மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. மாதாமாதம் கைக்கு வந்ததோ சொற்பம். உடம்புக்கு முடியாமல் பாதியில் ஊர் திரும்பிய பலருக்கு அந்த மொத்தப் பணம் வரவே இல்லை. அது அவர்கள் கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணம் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அரசும் நெடுங்காலம் கல்யாணத்துக்கே பணம் தந்தது. 1989-இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் வளர்ந்து, பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் என்றானது. பெண்ணைப் படிக்க வைக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனால் கல்லூரிச் செலவு ஜூனிலேயே வந்து நிற்கும்; உதவியோ முகூர்த்தத்துக்குத்தான் வரும்.

2022-இல் அதே அம்மையார் பெயரில் அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது.

ஆயிரம் ரூபாய் மில்லில் சில நாள் கூலி, அவ்வளவுதான். அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவு என்றாலும், ஏழை வீட்டுக்குப் படிப்பின் பெரிய செலவு பிள்ளை கொண்டுவராத கூலி. அதை 1,000 ரூபாய் ஈடுகட்டாது. ஆனாலும் பெண்ணின் பெயரில் மாதம் தவறாமல் வரும் பணம், "படிச்சது போதும், மில்லுக்குப் போ" என்ற பேச்சைத் தள்ளிப்போடும். நம் காலத்தின் முக்கியமான கல்வி முடிவுகளில் ஒன்றாகவே இந்தத் திட்டத்தை நான் கருதுகிறேன். 2022-இல் வைத்த தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தியே ஆக வேண்டும்.

இன்று மில் விடுதிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். இங்கே அரசுப் பள்ளியில் படிக்காத அவர்களுக்கு இந்தத் திட்டம் எட்டாது. பத்தாவதோடு மில்லுக்கு வந்துவிட்ட நம் ஊர்ப் பெண்ணுக்கும் அப்படித்தான்.

தொழிலில் வந்த பணத்தைப் படிப்பில் போட்ட ஊர் இது. 1926-இல் பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதை அறத்துக்கு எழுதி வைத்தார்கள். மில் முதலாளிகளே, இன்று உங்களிடம் அந்தப் பங்கைக் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்த பின் விடுதியில் ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியர், தனித்தேர்வு எழுதச் சம்பளத்தோடு விடுப்பு. வரும் ஜூனிலேயே தொடங்குங்கள்.