நாற்றுக்கு முன் வாய்க்கால்

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை என்பதை அறிவீர்கள். தில்லை ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தை இன்று பார்க்க வேண்டுமானால் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று பிச்சாவரத்தில் படகேற வேண்டும். (கிளையை ஒடித்துவிடாதீர்கள், அதன் பால் கண்ணுக்குக் கேடு.) வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் உள்ளது இந்த அலையாத்திக் காடு.

இங்கே நாற்று நட மாணவர்கள் ஆவலோடு செல்வதுண்டு. நல்ல பணிதான். ஆனால் வெற்றுச் சேற்றில் நாற்றை ஊன்றினால் மட்டும் காடு வளர்ந்துவிடுமா? வளராது. ஏன் தெரியுமா?

முற்காலத்தில் இக்காட்டைப் பகுதி பகுதியாக, மரம் ஒன்று விடாமல் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் தானே முளைக்கும் என்பது கணக்கு. நடந்ததோ வேறு. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் பட்டது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்தது. தரை தொட்டி போலாயிற்று. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த உவர்நீர், வடியும்போது வெளியேற வழியின்றித் தேங்கியது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தட்டில் உப்பு நீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் குறையக் குறைய அதே உப்பு நீரை மேலும் ஊற்றி வாருங்கள். சில நாளில் தட்டில் வெள்ளை படியும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது அல்லவா? பிச்சாவரத்திலும் இதுவே நிகழ்ந்தது. உப்பைத் தாங்கப் பிறந்த வெண்கண்டல் மரத்தின் கன்றுகூட அவ்வளவு உப்பில் பிழைக்கவில்லை.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களுடன் சேர்ந்து இதற்கு வழி கண்டன. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள் என்று மீன் முள்ளைப் போல வெட்டினார்கள். ஓதநீர் தாராளமாக வந்து உப்பைக் கழுவிச் சென்றது. அதன் பிறகே வாய்க்கால் கரைச் சரிவுகளில் நட்டார்கள். கன்றுகள் பிழைத்தன.

சுரபுன்னையை நடுவது எளிது. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும். முற்றியதைப் பொறுக்கி, கூரிய நுனி கீழே இருக்கும்படி சேற்றில் செருகினால் போதும். தலைகீழாகச் செருகுவோரும் உண்டு!

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, இக்காட்டின் மறைவில் இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவு என ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். அவ்வூர்கள் கடலிலிருந்து தள்ளி, சற்று மேட்டில் இருந்ததும் காரணம் என்று வேறு சிலர் வாதிட்டனர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் வேர்ப்பின்னலுக்குள் நுழையும் அலை வேகம் இழக்கும் என்பதில் ஐயமில்லை.

நட்டுவிட்டு வரும் மாணவர்களுக்கு ஒரு வேலை மீதமிருக்கிறது. அடுத்த ஆண்டும் அங்கே போய் எத்தனை கன்று நிற்கிறது என எண்ணுங்கள். வாய்க்காலில் வண்டல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் தூர் வாரச் சொல்ல வேண்டும். மாட்டுக் குளம்படியையும் கவனியுங்கள். வெண்கண்டல் தழை மாடுகளுக்கு மிகவும் பிடிக்கும்.