எழுந்து நிற்கும்போது நடப்பது என்ன?

படுக்கையிலிருந்து எழுந்து நிற்பது நமக்கு ஒரு பெரிய காரியமாகத் தோன்றுவதில்லை. ஆனால் இரத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை அது ஒரு நெருக்கடி. படுத்திருக்கும்போது தலை, இதயம், பாதம் மூன்றும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் உள்ளன. எழுந்ததும் இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே சுமார் 1.2 மீட்டர் உயரமுள்ள இரத்தத் தம்பம் நிற்கிறது. அதன் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். சிரைகள் விரிகின்றன, அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, அழுத்தமும் இறங்குகிறது.

அப்படியானால் நாம் ஏன் மயங்கி விழுவதில்லை? கழுத்துத் தமனியின் சுவரிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை அனுப்பும் செய்தியைப் பெற்று, நம்முடைய விருப்பத்தைக் கேளாமலே மூளையின் முகுளம் செயல்படுகிறது. இதுவே தானியங்கு நரம்பு மண்டலத்தின் வேலை.

முதலில் வேகஸ் நரம்பு பிடியைத் தளர்த்துகிறது. நரம்புகளின் கட்டுப்பாடு இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் அதை 70 அளவில் நிறுத்தி வைப்பது இந்த நரம்பே. பிரேக்கை விட்டால் வண்டி உடனே வேகம் பிடிப்பதுபோல், ஓரிரு துடிப்புகளிலேயே இதயம் விரைகிறது.

அடுத்து, சில விநாடிகளில், பரிவு நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. பெரும்பாலான குழாய்களுக்கு இவற்றை எதிர்க்கும் நரம்பு கிடையாது. எப்போதும் மெல்லியதாக வந்துகொண்டிருக்கும் துடிப்பு மிகுந்தால் குழாய் சுருங்கும், குறைந்தால் விரியும். 1851-இல் பிரான்சில் கிளாட் பெர்னார்டு ஒரு முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சூடேறியது. மறு ஆண்டு பிரௌன்-செக்கார் வெட்டிய நரம்பின் மேல்முனையில் மின்சாரம் செலுத்தியதும் காதின் குழாய்கள் சுருங்கின.

சிறிது சுருங்கினால் போதுமா? போதும். குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பது பாய்சொய் விதி. (பாய்சொய் ஒரு மருத்துவர் என்றால் என் மாணவர்கள் நம்புவதில்லை!) ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நுண்தமனிகளின் இச்சுருக்கமே அழுத்தத்தை மீட்கிறது. சிரைகளும் சுருங்கித் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகின்றன.

நீரிழிவு நோய் இந்நரம்புகளைப் பழுதாக்கலாம். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் இவற்றின் வேலையைத் தடுக்கும். முதியவர் பலர் இரவில் எழும்போது தலைசுற்றி விழுவதற்கு இது ஒரு காரணம். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே கருதுகிறார்கள். இத்தகையவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; எழுமுன் கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் அசைப்பது நல்லது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரையிலுள்ள இரத்தம் மேலேறும். வால்வுகள் இருப்பதால் அது கீழிறங்குவதில்லை.